வாகனங்களுக்குக் குரோம் எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வாகனங்களுக்கு எழுத்து வெட்டி ஒட்டுவது என் தொழில். மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றும் லோடு வேன்காரரும், உசிலம்பட்டியில் புதிதாகக் கட்டிங் மெஷின் வாங்கிய தம்பியும் ஒரே சந்தேகங்களைத்தான் கொண்டுவருகிறார்கள்: குரோம் ஏன் உரிகிறது, ஏன் மங்குகிறது, ஒட்டிய பிறகு எழுத்தே ஏன் தெரியவில்லை? வேலைக்கு நடுவே நின்றபடி பதில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. விட்டுப்போன பாதியில்தான் அவர்களுடைய காசு வீணாகிறது. ஆகவே அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, பதிலை நிதானமாக எழுதியிருக்கிறேன். முதலில் வண்டி வைத்திருப்பவர்களின் கேள்விகள். பிறகு வெட்டுபவர்களின் கேள்விகள்.

குரோம் ஸ்டிக்கர், சில்வர் ஸ்டிக்கர், ரேடியம் ஸ்டிக்கர் எல்லாம் ஒன்றுதானே அண்ணே?

மூன்றும் வேறு வேறு. சில்வர் என்பது உலோக மினுமினுப்புக் கலந்த சாம்பல் நிற வினைல், அதாவது ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்டிக் தாள். அதில் முகம் தெரியாது. குரோம் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தது. அதில் முகம் பார்க்கலாம். பெயர்தான் குரோம்; பளபளப்பைத் தருவது பெரும்பாலும் அலுமினியம். அந்த உலோகப் படலம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ரேடியம் என்று நம் ஊரில் சொல்வது ஒளியைத் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கர். ரேடியம் என்ற தனிமத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உள்ளே இருப்பவை பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் அல்லது பட்டக அமைப்பு.

குரோமை நிறமாக நினைக்காதீர்கள், கண்ணாடியாக நினையுங்கள். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

இரவில் ஹெட்லைட் பட்டால் குரோம் பளிச்சென்று தெரியுமே, பின்பக்கம் ரேடியம் பட்டைக்குப் பதில் அதையே ஒட்டிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ரேடியம் பட்டை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்புகிறது. பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது போய்ச் சேர்கிறது. குரோம் கண்ணாடி. சாய்வாக வந்த வெளிச்சத்தை மறுபக்கம் வீசிவிடும். நேருக்கு நேராக இருக்கும் அந்த ஒரு நொடி மட்டும் பளிச்சிடும், மற்ற நேரமெல்லாம் இருட்டைத்தான் காட்டும்.

திருமங்கலம் நான்குவழிச் சாலையில் இரவில் ஓரமாக நிற்கும் லாரியைப் பின்னால் வருபவர் பார்ப்பது அந்தச் சிவப்புப் பட்டையால்தான். பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை என்று சட்டமே வகுத்திருக்கிறது. அந்தப் பட்டையின் மேல் குரோம் எழுத்து ஒட்டக் கேட்டு வருபவர்களையும் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

என் வண்டி வெள்ளை. குரோமில் பெயர் எழுதினால் எடுபடுமா?

எடுபடாது. கண்ணாடி என்றேன் அல்லவா? பகலில் அது வானத்தைக் காட்டும். வானம் வெளுப்பு, வண்டியும் வெளுப்பு. பத்தடி தள்ளி நின்றால் எழுத்து கரைந்துவிடும். கறுப்பு, மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை ஆகிய நிறங்களில் குரோம் நன்றாக எழும்பி நிற்கும். வெள்ளை வண்டிக்கும் மஞ்சள் ஆட்டோவுக்கும் குரோம்தான் வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டால், எழுத்தைச் சுற்றிக் கறுப்பில் ஒரு கரை கட்டுங்கள். கரை இல்லாமல் ஒட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேன் கதவின் மேல்பாதி லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே ஒட்டிய குரோம் வானத்தைப் பார்க்கும். கீழ்ப்பாதி அடியில் உள்பக்கம் வளைந்து தரையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அங்கே ஒட்டினால் தார்ச்சாலையைக் காட்டிக் கறுத்துத் தெரியும். ஒரே பெயர் மேலே வெள்ளியாகவும் கீழே கரியாகவும் தெரிவது இதனால்தான். உள்ளங்கை அளவு குரோம் துண்டை வண்டியில் வைத்து, பதினைந்து தப்படி பின்னால் போய்ப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. துண்டு கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள்.

கடையில் இரண்டு விலை சொல்கிறார்கள். ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அவை இரண்டு சரக்கு. விலை குறைந்தது பாலியெஸ்டர் குரோம். பளபளப்பில் இதுதான் உண்மையான கண்ணாடி. ஆனால் இழுத்தால் நீளாது. மூலையைப் பிடித்துக் கசக்கினால் சிப்ஸ் பாக்கெட் போலச் சலசலக்கும். ஒராகால் 351 இந்த வகை. விலை அதிகமானது இழுபடும் வினைல் குரோம். வண்டி முழுவதும் போர்த்துவதற்காகச் செய்தது, வளைவுகளில் படியும். ஏவரி டென்னிசனின் கன்ஃபார்ம் குரோம் இந்த வகை.

தட்டையான கதவு, கண்ணாடி, லோடு பாடியின் தகடு இவற்றுக்குப் பாலியெஸ்டரே போதும். எழுத்துக்காக மட்டும் விலை அதிகமானதை வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், வளைவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவதாகப் பெயரில்லாத மலிவுச் சரக்கு ஒன்றும் உண்டு. அது கடைக்குள் அலங்காரத்துக்கு ஆகும், வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஆகாது.

எத்தனை வருடம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பீர்களா சார்?

எழுதிக் கொடுக்க மாட்டேன். நல்ல நிறுவனத்தின் சாதாரண நிற வினைலோடு ஒப்பிட்டால் குரோமின் ஆயுள் குறைவுதான். என் அனுபவத்தில், நிழலில் நிறுத்தும் வண்டியின் கதவில் பாலியெஸ்டர் குரோம் இரண்டு, மூன்று வருடம் முகம் மாறாமல் இருக்கும். அதே தாளை பானட்டில் ஒட்டினால் ஒரு வெயில் காலத்திலேயே மங்கத் தொடங்கும். மேலே பார்த்து மல்லாந்திருக்கும் எந்தப் பரப்பிலும் வெயிலும் மழைநீரும் நேராக விழுகின்றன. தங்கநிற, நீலநிறக் குரோம்களில் வெள்ளியின் மேல் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. அந்தச் சாயம் வெள்ளிக்கு முன்பே வெளிறும்.

புல்லட் டேங்கில் மகள் பெயரைக் குரோமில் ஒட்டினேன். இரண்டே நாளில் ஓரம் தூக்கிக்கொண்டது. பசை சரியில்லையா?

பசையைக் குறை சொல்ல முடியாது. டேங்க் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே சமயத்தில் வளைகிறது. காகிதத்தைப் பந்தின் மேல் ஒட்டிப் பாருங்கள், ஓரம் சுருங்கும். இழுபடாத பாலியெஸ்டர் அப்படித்தான். அழுத்தியபோது படிந்தது போலத் தெரியும், வெயில் பட்டதும் நிமிர்ந்துகொள்ளும். டேங்குக்கு இழுபடும் வகையை வாங்குங்கள். முடியாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக, டேங்கின் தட்டையான பக்கத்தில் ஒட்டுங்கள். கூட்டெழுத்தாக ஒரே துண்டில் வெட்டினால் நிற்காது. பெட்ரோல் மூடிக்கு நேர் கீழே எதையும் ஒட்ட வேண்டாம். சிந்தும் பெட்ரோல் ஓரம் வழியாகப் பசைக்குள் இறங்கிவிடும்.

கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில்?

சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள். பசைக்குப் பிடிமானம் கிடைக்காது. பெயிண்ட் அடித்த பம்பர் என்றால் கதவைப் போலத்தான், ஒட்டலாம்.

எஃப்.சி.க்காக (தகுதிச் சான்றுக்காக) பெயிண்ட் அடித்து நேற்றுதான் வண்டியை எடுத்தேன். இன்றைக்கே பெயர் ஒட்டிவிடலாமா?

பொறுங்கள். பெயிண்ட் தொட்டுப் பார்க்கக் காய்ந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. அதிலிருந்து தின்னர் ஆவி நாள்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். சாதாரண வினைல் வழியாக அந்த ஆவி ஓரளவு கசிந்து போகலாம். குரோமில் உலோகப் படலம் இருப்பதால் ஆவிக்கு வழியே இல்லை. கீழே கொப்புளமாகத் திரளும். சூட்டறையில் உலர்த்திய பெயிண்ட் என்றால் ஒரு வாரமாவது விடுங்கள். பட்டறையில் வெட்டவெளியில் அடித்த எனாமல் என்றால் மூன்று, நான்கு வாரம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மினி பஸ்ஸுக்கு, பெயிண்ட் அடித்த மூன்றாம் நாள் ஒட்டிக் கொடுத்தேன். உரிமையாளர் மறுநாள் பூஜை என்று கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்தபோது எழுத்து முழுவதும் அம்மை போட்டது போல இருந்தது. உரித்தேன், ‘துணை’ என்ற சொல்லின் வடிவத்திலேயே பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது, அடியில் பட்டி தெரிந்தது. அந்தப் பெயிண்ட் செலவை நானே ஏற்றேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: வண்டியின் மறைவான இடத்தில் விரலளவு குரோம் துண்டை ஒட்டி, ஒரு முழு நாள் வெயிலில் நிறுத்தச் சொல்கிறேன். கொப்புளம் வந்தால் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவசரப்படுத்துபவர்களிடம் இந்தத் துண்டு எனக்காகப் பேசும்.

நம்பர் பிளேட்டைக் குரோமில் செய்து தர முடியுமா?

முடியாது. பதிவெண் எப்படி இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்கள் உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையோடுதான் வருகின்றன. அதன் மேல் வேறெதுவும் ஒட்டக்கூடாது. சொந்த வாகனத்துக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வாகனத்துக்கு மஞ்சளில் கறுப்பு என்பதற்குக் காரணம், எந்த வெளிச்சத்திலும் படிக்க முடிய வேண்டும் என்பதே. மூன்றாம் கேள்வியின் பதிலைப் படித்தவர்களுக்கு, குரோம் அந்த வேலைக்கு ஏன் உதவாது என்று தெரிந்திருக்கும்.

‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வழக்கறிஞர்’ என்று வெட்டித் தருவீர்களா?

தருவதில்லை. தனியார் வாகனங்களில் இப்படி ஒட்டுவதற்கு எதிராக 2024-இல் சென்னை போக்குவரத்துக் காவல்துறை அபராதம் விதிக்கத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், ஊர்ப் பெயர், கடைப் பெயர் எதுவானாலும் மகிழ்ச்சியோடு வெட்டுகிறேன்.

முன் கண்ணாடியின் மேல்பகுதியில் குரோமில் பெயர் ஒட்டினேன். அதற்குப் பிறகு கப்பலூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் சரியாகப் படிக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஃபாஸ்டேக் ரேடியோ அலையால் வேலை செய்கிறது. உலோகம் அந்த அலையைத் தடுக்கும், திருப்பும். குரோமில் இருப்பதும் உலோகம்தான். ஃபாஸ்டேக்கின் மேல் படும்படி ஒட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பக்கத்தில் என்றால் குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள். புதிய கார்களில் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பருக்குள்ளோ ரேடார் இருக்கலாம். அதன் மேலும் குரோம் கூடாது.

கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டித் தரச் சொல்பவர்களும் உண்டு. சாதாரணக் குரோமின் பசைப்பக்கம் பளபளக்காது. வெளியிலிருந்து பார்த்தால் மங்கலான சாம்பல்தான் தெரியும். வெளிப்பக்கமே ஒட்டுங்கள், ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், வைப்பர் உரசாத உயரத்தில்.

(வெட்டுபவர்கள் கேட்பது) தமிழில் தட்டச்சு செய்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறது. மெஷினில் கோளாறா?

மெஷினுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. அது கோட்டைத்தான் வெட்டுகிறது. கோளாறு எழுத்துருவில். பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகச் சேராது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். அதனால்தான் இன்னும் பல கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வைத்திருக்கிறார்கள். எதில் அடித்தாலும் முதலில் கோட்டு வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு ஒட்டி நிற்கும் பகுதிகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இணைக்காமல் விட்டால் ‘ணு’ போன்ற எழுத்தில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் குறுக்கே வெட்டு விழும். நிற வினைலில் அந்தக் கீறல் கண்ணில் படாது. குரோமில் வெளிச்சம் பட்டதும் தழும்பு போலத் தெரியும்.

ஆங்கிலம் நன்றாக வருகிறது. தமிழ் வெட்டினால் புள்ளியெல்லாம் பறந்துவிடுகிறது, சுழிக்குள் இருப்பது வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு நாள் முழுவதும் பேசலாம். ‘பாண்டி முனீஸ்வரர் துணை’ என்று எழுதிப் பாருங்கள். மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் தனித் துண்டு. ‘ண’ என்றால் மூன்று சுழி, ‘ன’ என்றால் இரண்டு சுழி. கடைசியில் வரும் ‘ணை’யில் இணைக்கொம்பின் சுழிகள் வேறு. ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு பொட்டு, அதை ஊசி முனையால் குத்தி எடுக்க வேண்டும். பாலியெஸ்டர் விறைப்பானது. எழுத்தைச் சுற்றியுள்ள கழிவுத் தாளை வேகமாக உரித்தால் புள்ளியும் அதோடு துள்ளிக்கொண்டு போகும்.

நான் செய்வது இதுதான். புள்ளியை எழுத்துருவில் இருப்பதைவிடக் கால் பங்கு பெரிதாக்குவேன். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளியைக் குரோமில் வெட்டுவதில்லை. சுழியின் உள்வெளியைக் கொஞ்சம் திறந்துவிடுவேன். கோட்டின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்ப்பேன். கூரான மூலைகளையெல்லாம் லேசாக உருட்டிவிடுவேன். முதலில் தூக்குவது மூலைதான். உரிக்கும்போது தாளை மேலே தூக்காமல், தரையோடு தரையாக மடக்கிப் பின்னால் இழுங்கள். நிமிர்த்தி இழுத்தால் புள்ளி நிச்சயம் போகும். மொத்தக் கழிவையும் ஒரே மூச்சில் உரிக்காமல், இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை வெட்டிவிட்டு உரியுங்கள்.

பெரியவர்கள் சிலர் ‘துணை’யைப் பழைய வடிவத்தில், ‘ண’வின் தலையிலிருந்து யானைத் துதிக்கை போல வளைத்து எழுதக் கேட்கிறார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அப்படித்தான் எழுதினோம். வெட்டுபவனின் கண்ணால் பார்த்தால் அந்த வடிவம் மிக நல்லது. ‘ணை’ முழுவதும் ஒரே துண்டு, எதுவும் தனியே பிரிந்து பறக்காது. பிரஷ்ஷால் எழுதிய மூத்த ஓவியர்கள் அந்த வளைவை இழுக்கும் அழகைப் பார்த்து வளர்ந்தவன் நான். யாராவது கேட்டால் அந்த வேலையை மட்டும் எழுத்துருவில் தேடாமல் கையால் வரைந்து, ஸ்கேன் செய்து வெட்டுகிறேன்.

பிளேடு எவ்வளவு ஆழம்? எவ்வளவு அழுத்தம்?

எண்ணைச் சொன்னால் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. அடையாளத்தைச் சொல்கிறேன். வட்டத்துக்குள் ஒரு சதுரத்தைச் சோதனையாக வெட்டுங்கள். சதுரம் மட்டும் தனியே எழ வேண்டும். வட்டம் அப்படியே இருக்க வேண்டும். பிறகு பசையை மூடியிருக்கும் அடித்தாளைப் பாருங்கள். பிளேடு போன தடம் கீறலாகத் தெரிய வேண்டும், துளையாகக் கூடாது. கீறலே இல்லை என்றால் பசை வெட்டுப்படவில்லை. உரிக்கும்போது எழுத்தின் ஓரம் இழுபட்டுக் கிழியும். துளை விழுந்தால் பிளேடு அதிகம் நீட்டியிருக்கிறது, அழுத்தத்தைக் குறைப்பதற்கு முன் அதை உள்ளே இழுங்கள்.

பெரிய எழுத்துக்கு 45 டிகிரி பிளேடு போதும். சிறிய சுழிகளுக்கு 60 டிகிரி நன்றாகத் திரும்பும். பாலியெஸ்டர், வினைலைவிட வேகமாகப் பிளேடை மழுக்கும். ஆகவே குரோமுக்கென்று ஒரு பிளேடைத் தனியாக வையுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

வெட்டி எடுத்ததும் தாளில் இரண்டு நீளத் தடம் விழுகிறதே?

ரோலர் தடம். தாளை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையில் ஒட்டியிருக்கும் தூசிதான் குரோமில் கீறுகிறது. உருளையை ஈரத் துணியால் துடையுங்கள். எழுத்து, உருளை ஓடும் பாதையில் வராதபடி இரு ஓரமும் இடம் விட்டு அடுக்குங்கள். தாள் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும், பரவாயில்லை. தாளை முன்னும் பின்னும் பலமுறை ஓடவிடாதீர்கள். பாலியெஸ்டர் மின்னேற்றம் பிடித்துத் தூசியை இழுக்கும், அதனால் வெட்டும்போது தலைக்கு மேலே ஓடும் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

எழுத்தைத் தூக்கி வண்டியில் வைக்கும் டிரான்ஸ்பர் டேப்பை உரித்ததும் வெள்ளியும் சேர்ந்து வந்துவிட்டது. சரக்கு மட்டமா?

இருக்கலாம். மட்டச் சரக்கில் உலோகப் படலத்தின் மேல் காப்புப் பூச்சே இருக்காது. நல்ல சரக்கிலும் இது நடந்தால், டேப்பின் பசை அதிகம். குரோமுக்குப் பிடிப்பு குறைந்த டேப் வேண்டும். எழுத்துக்கு மேல் டேப்பை ஒட்டி இரவு முழுவதும் வைக்காதீர்கள். ஒட்டப்போகும் நேரத்தில் டேப் போடுங்கள். உரிக்கும்போது 180 டிகிரிக்கு மடக்கி, மெதுவாக.

எழுத்தை அழுத்தித் தேய்க்கும் பட்டையான ஸ்க்வீஜியின் ஓரத்தில் ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணி இருக்க வேண்டும். இல்லையென்றால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் பிளாஸ்டிக் விளிம்பு ஒரே இழுப்பில் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

தண்ணீர் தெளித்து ஒட்டுவதா, உலர்வாகவா?

சிறிய எழுத்தை உலர்வாக ஒட்டுங்கள். ஒரு சாணுக்கு மேற்பட்ட எழுத்தில் மட்டும் தண்ணீர் உதவும். இடம் தவறினால் நகர்த்திக்கொள்ளலாம். ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். தண்ணீரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி முழுவதும் வெளியேற்றுங்கள். உள்ளே தங்கும் ஈரம் என்ன செய்யும் என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள். இழுபடும் வகையைத் தயாரிப்பாளர்கள் சொல்வதுபோல் உலர்வாகவே ஒட்டுங்கள்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்து, அது தானாகக் காயும் முன் வேறொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். வாட்டர் வாஷ் கடையில் மெழுகுப் பாலிஷ் போட்டிருந்தால் இரண்டு தடவை துடையுங்கள். சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. வெயிலில் நின்ற தகட்டில் பசை பட்டதும் பிடித்துக்கொள்ளும், திருத்த இடம் தராது. கை வைத்தால் சுடுகிறது என்றால் ஒட்ட வேண்டாம்.

ஆறு மாதத்தில் எழுத்தின் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. அழுக்கா?

நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வந்தால் அழுக்கு, பசை லேசாக வெளியே பிதுங்கி, அதில் தூசி படிந்திருக்கிறது. வராவிட்டால் அலுமினியம் அரித்திருக்கிறது. தாளின் மேலும் கீழும் உலோகத்துக்குக் காப்பு உண்டு. வெட்டிய ஓரத்தில் காப்பு கிடையாது. அந்த ஓரம் வழியாக ஈரமும் அமிலமும் காரமும் நுழைந்து உலோகத்தைத் தின்கின்றன. எழுத்து சிறிதாகச் சிறிதாக ஓரம் அதிகம். ஆகவே சிறிய எழுத்து முதலில் கறுக்கும். நான் 3 மில்லிமீட்டர் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். துடைத்த பிறகு பொட்டு வைத்த இடம் மட்டும் மங்கலாக இருக்கிறது. சாமி காரியத்தில் தவறு நடந்துவிட்டதோ?

ஒரு தவறும் இல்லை. பொட்டு வைத்ததால் மங்கவில்லை. காய்ந்த பிறகு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்ததால் மங்கியது. காய்ந்த சந்தனமும் விபூதியும் பொடி. கண்ணாடியின் மேல் பொடியை வைத்துத் தேய்த்தால் கீறத்தான் செய்யும். அன்று மாலையே நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, தானாக வழியவிட்டு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். எலுமிச்சம்பழச் சாறு எழுத்தில் பட்டால் உடனே கழுவுங்கள். புளிப்புக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. பித்தளை விளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்த ஒரு தாய்மாரை எனக்குத் தெரியும். பளபளக்க வேண்டும் என்ற அன்பில் செய்தார். எழுத்தின் ஓரத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

என் யோசனை: பெயருக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுப் பொட்டு வையுங்கள். பூஜைக்கு முந்தின நாள் ஒட்டக் கேட்டு வராதீர்கள். ஒட்டி இரண்டு நாளாவது தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். வாட்டர் வாஷ் கடையில் துப்பாக்கித் தண்ணீரை எழுத்தின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பழைய குரோமை எடுக்க வேண்டும். தின்னர் போடலாமா?

தின்னர் பெயிண்ட்டையும் எடுத்துவிடும். முடி உலர்த்தும் கருவியாலோ, ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்தோ இளம்சூடு கொடுத்து, ஓரத்தை நகத்தால் கிளப்பி மெல்ல இழுங்கள். பாலியெஸ்டர் துண்டு துண்டாக ஒடியும், பொறுமை வேண்டும். மிஞ்சும் பசையில் நீலகிரித் தைலத்தைத் தடவி ஐந்து நிமிடம் விட்டால் இளகும். துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். புதிதாக ஒட்டப்போகிறீர்கள் என்றால் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. துடைக்கும் முறை மேலே, தண்ணீர் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

ஒரே ஒரு எழுத்து கிழிந்துவிட்டது. அதை மட்டும் வெட்டி ஒட்டினால் மற்ற எழுத்தோடு சேரவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள். பழையது ஏற்கெனவே கொஞ்சம் மங்கியிருக்கும், புதியது பளிச்சிடும். மற்றொன்று பலர் கவனிக்காதது: குரோமுக்கும் துணியைப் போல நெடுக்கு, குறுக்கு உண்டு. தாளை மிச்சம் பிடிப்பதற்காக எழுத்தைப் படுக்கவைத்து வெட்டினால் அதில் வெளிச்சம் வேறு விதமாக ஓடும். ஒரு பெயரின் எல்லா எழுத்துகளையும் ஒரே ரோலில், ஒரே திசையில் வெட்டுங்கள்.

வெட்டி முடித்ததும் அந்த ரோலிலிருந்து ஒரு முழத் துண்டை எடுத்து, பின்பக்கம் வண்டி எண்ணையும் தேதியையும் எழுதி, மேல்நோக்கிய திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுச் சுருட்டி வைக்கிறேன். மடித்தால் மடிப்புக் கோடு போகாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். வண்டிக்காரரிடமே கொடுத்து அனுப்பினாலும் நல்லது. ஆனால் டேஷ்போர்டில் வெயில் படும்படி வைக்காமல், சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.